பல் டாக்டர் பெத்தணன் ஐயாவின் புதன்கிழமை நாற்காலி

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, தொழிலாளர் சங்கத்துப் பெரியவர்களே, ஐயாவின் துணைவியார் சுப்புலட்சுமி அம்மா அவர்களே, விருதுநகரிலிருந்து பஸ் ஏறியும் ஆமத்தூரிலிருந்து வண்டி கட்டியும் வந்திருக்கும் பெருமக்களே, என்னோடு ஒரே கொட்டகையில் உட்கார்ந்து சரவெடி பின்னும் என் தங்கச்சிமார்களே! உங்கள் எல்லாருக்கும் பத்திரகாளியின் வணக்கம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடம் முடிக்கப்போகும் என் பேத்தி, "அப்பத்தா, நான் எழுதித் தாரேன், நீ வாசிச்சிரு" என்றாள். "ஏத்தா, எனக்குத் தெரிஞ்ச டாக்டர நீ எப்படி எழுதுவ?" என்று சொல்லி, நானே உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் பேசிய பெரியவர்கள் நம் ஐயாவைக் கடல் என்றார்கள், மலை என்றார்கள். சரிதான். ஆனால் எந்தக் கடல் நம் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தது? எந்த மலை குனிந்து நம் கடைவாய்ப் பல்லுக்கு விளக்குப் பிடித்தது? வெற்றிலை வாய், புகையிலை வாய், பட்டினி வாய், கந்தகம் நாறும் வாய், எல்லா வாய்க்கும் முன்னால் முகம் சுளிக்காமல் குனிந்த மனுசர் நம் பெத்தணன் ஐயா ஒருவர்தானே! அந்த முகம் இனி நமக்கு எப்போது கிடைக்கும்?

மார்கழிக் கடைசியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அந்தச் செய்தி கேட்ட அன்று எங்கள் கொட்டகையில் ஒருத்தியும் நூலைத் தொடவில்லை.

இளைய பிள்ளைகள் இங்கே நிறைய உட்கார்ந்திருக்கிறீர்கள். ஐயா வந்த கதை உங்களுக்குத் தெரியாது. சொல்கிறேன்.

சூலக்கரைக்காரர் நம் ஐயா. மதராசில் பல் வைத்தியம் படித்தார். மதராசிலேயே இருந்திருக்கலாம். ஐம்பத்து ஐந்தாம் வருடம் இங்கே வந்து ஒரு மாடி அறையில் நாற்காலியைப் போட்டார். நம்மவர்கள் போனார்களா? போனார்கள், கன்னம் இட்லி மாதிரி வீங்கின பிறகு. அதுவரைக்கும் கிராம்பு, உப்பு, புகையிலைக் காம்பு. பல் டாக்டர் என்றால் பிடுங்குகிறவர், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். ஐயாவோ, பிடுங்கின கையோடு எல்லாரிடமும் ஒன்று சொல்லுவார்.

"ஆடியில ஒருக்க வாங்க, தையில ஒருக்க வாங்க. வலி இல்லாதப்ப வாங்க."

"வலி இல்லாம எதுக்கு டாக்டர்கிட்ட வாரது? எங்களுக்கென்ன கிறுக்கா?" என்று சிரித்துவிட்டு இறங்கிவிடுவார்கள்.

ஐயாவும் சிரிப்பார். "உங்க கெணத்துல தெனமும் தண்ணி எறைக்கீக. அப்புறம் எதுக்கு வருசத்துக்கு ஒருக்க தூர் வாருதீக? தண்ணி நாறட்டும்னு காத்திருக்கீகளா? வேப்பங்குச்சி தெனமும் எறைக்கிற மாதிரி. நான் தூர் வாருறவன்." நம் ஊரில் கிணற்றைச் சொன்னால் புரியாதவர் உண்டா? புரிந்தது. ஆனாலும் யாரும் போகவில்லை.

போன ஒரே ஆள் ஆமத்தூர் சங்கிலிமுத்து அண்ணன். அதோ, பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான். சிரிக்காதீர்கள், அவர் என்னைச் சொல்லச் சொல்லித்தான் சொல்கிறேன். தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சியை மருந்தில் முக்குகிற வேலை அவருக்கு. வெற்றிலை போட்டுப் போட்டு, அவருடைய கீழ்ப் பல்வரிசை முழுக்கச் சுண்ணாம்புச் சுவர் மாதிரி காரை ஏறிக் கிடந்தது. ஐயா அதைச் சுரண்டி எடுத்தார். வீட்டுக்குப் போன சங்கிலிமுத்து அண்ணன் நாக்கால் தள்ளிப் பார்த்தார். பல் ஆடியது!

விட்டாரா? மறுநாள் மாடிக்குக் கீழே, நடுத் தெருவில் நின்று சத்தம் போட்டார். "ஏலே எல்லாரும் கேட்டுக்கோங்க! செவுத்துக்குக் காரை எப்படியோ, பல்லுக்கு அந்தக் காரைதான் பிடிமானம். இந்த டாக்டரு அதப் பேத்து எடுத்துட்டாரு. இப்ப ஆடுது. நாளைக்குப் பிடுங்கத் துட்டு கேப்பாரு!"

நம் ஊர் பூராவும் அதை நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? நம் வீட்டுக் கிழவர்கள் எல்லாம் அப்படித்தானே சொல்லுவார்கள், பல்லில் ஏறின காரையைத் தொடாதே, தொட்டால் பல் கொட்டிவிடும் என்று. அதற்கப்புறம் அந்த மாடிப்படியில் ஏற ஆளில்லை.

ஐயா என்ன செய்தார் தெரியுமா? கோபித்துக்கொண்டு மதராசுக்கா போனார்? ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆமத்தூருக்குப் போனார். சங்கிலிமுத்து அண்ணன் வீட்டு வாசலில் நின்று, "அண்ணாச்சி, வாயத் தொறக்க வேண்டாம். உப்புத் தண்ணி கொப்பளிக்கீகளா, அத மட்டும் சொல்லுங்க" என்று கேட்டார். அண்ணன் கதவைச் சாத்துவார். அடுத்த ஞாயிறும் சைக்கிள் வந்து நிற்கும். கதவுக்கு வெளியே நின்றே சொல்லுவார்: "அண்ணாச்சி, காரை பல்லப் பிடிக்கல. காரை ஈறக் கீழ தள்ளிருச்சு, எலும்பத் தின்னுருச்சு. இப்ப அது போயிருச்சு. ஈறு இறுகட்டும். கொஞ்சம் பொறுங்க."

இந்தச் சமயத்தில்தான் எங்கள் கொட்டகையில் அந்தச் சம்பவம் நடந்தது.

வெளியூர் பெருமக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பட்டாசுக் கொட்டகைக்குள் இரும்பு வரக்கூடாது. இரும்பு உரசினால் பொறி பறக்கும், பொறி பறந்தால் நாங்கள் இல்லை. கத்தி இல்லை, கத்தரிக்கோல் இல்லை, கொண்டை ஊசிகூட இல்லை. அப்படியென்றால் சரம் பின்னுகிற நூலை எதால் அறுப்பது? பல்லால்தான். காலையில் உட்கார்ந்ததிலிருந்து சாயந்திரம்வரை கடித்துக் கடித்து அறுப்போம். தீபாவளி சீசனில் சோற்றைக் கடித்ததைவிட நூலைக் கடித்ததுதான் அதிகம். எங்களுக்குப் பல் என்பது அழகுக்கு இல்லை பெரியோர்களே, அதுதான் எங்கள் ஆயுதம்.

வேலுத்தாய், அந்த முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள் பாருங்கள், அவள் அப்போது புருசனைப் பறிகொடுத்துவிட்டுக் கைப்பிள்ளையோடு வேலைக்கு வந்தவள். வேகமான கை. ஒருநாள் பேக்கிங்கில் இருந்து போர்மேன் ஒரு சரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெள்ளை நூலில் முடிச்சுக்கு முடிச்சு சிவப்பு.

"யாரு பின்னுனது இது? ஆர்டர் போற சரக்குல ரத்தக்கறை!"

யாரும் வாயைத் திறக்கவில்லை. வேலுத்தாயால் திறக்க முடியவில்லை. வாய் நிறைய ரத்தம். விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள், எத்தனை நாளாகவோ. முன்பல் நாலும் ஆடுகிறது. முப்பது வயதுகூட ஆகாதவள்.

"நூல் கடிக்க முடியலன்னா பெருக்குற வேலைக்குப் போ" என்று போர்மேன் சொல்லிவிட்டார். பெருக்குகிற வேலை சீசன் முடிந்தால் முடிந்தது. பிள்ளைக்குப் பால்சோறு அதோடு போச்சு. அவளைச் சாயந்திரம் ஓரமாய்க் கூப்பிட்டு, "வாத்தா, டாக்டர்கிட்டப் போவோம்" என்றேன்.

"வேண்டாம் மதினி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சங்கிலிமுத்து அண்ணன் சொன்னது கேக்கலையா? காரையாவது பிடிச்சு வச்சிருக்கு. அதையும் எடுத்துட்டா மொத்தமாக் கொட்டிப்போகும். பல்லு போனா என் பிள்ளைக்கு யாரு கஞ்சி ஊத்துவா?"

எனக்கு என்ன தெரியும்?

பதில் சொன்னது யார் தெரியுமா? அதே சங்கிலிமுத்து அண்ணன்தான்! பங்குனியில் அவர்கள் குலசாமிக்குக் கிடா வெட்டு. எங்கள் கொட்டகைக்காரர்கள் பாதிப்பேர் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் இலையில் எலும்பு விழுந்தது. மறந்துபோய்க் கடித்தார். டொக்கென்று சத்தம்! பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எலும்புதான் உடைந்தது. அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாக்கால் தள்ளிப் பார்த்தார். விரலால் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"அடேய், இறுகிப்போச்சுடா!" என்று இலையிலிருந்து எழுந்து நின்றே கத்தினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐயா சைக்கிளில் வந்தபோது அண்ணன் கதவைத் திறந்து, வாயையும் திறந்து நின்றார். எலும்புக் கதையைக் கேட்ட ஐயா தலையில் கை வைத்துக்கொண்டாராம். "அண்ணாச்சி, நான் பல்லச் சுத்தம்தான பண்ணுனேன்? கல்லு ஒடைக்கச் சொன்னேனா?"

மறுநாளே வேலுத்தாய் என்னோடு மாடி ஏறினாள். ஐயா அவள் வாயைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "தாயி, பல்லுல ஏதோ கோடு கோடா அறுத்திருக்கே. என்ன கடிக்கீக?" என்று கேட்டார். நூல் என்றோம். மூன்று தடவையாகப் பிரித்து, அவளுக்கு நோகாமல் சுத்தம் செய்தார். கடைசித் தடவை கண்ணாடியை அவள் கையில் கொடுக்காமல், "நாக்கால தடவிப் பாருங்க. என்ன தெரியுது?" என்றார்.

வேலுத்தாய் தடவிப் பார்த்துவிட்டு, "கழுவுன சிலேட்டு மாதிரி இருக்கு" என்றாள். அந்தப் பிள்ளை சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஈறு இறுகியது. ரத்தம் நின்றது. அவள் பெருக்கப் போகவில்லை. இன்றைக்கும் அதே பெஞ்சில் அதே பல்லால் நூல் அறுக்கிறாள். அந்தக் கைப்பிள்ளை இப்போது பெரிய பள்ளிக்கூடம் போகிறான். இதைவிட ஒரு மனுசனுக்கு என்ன புகழ் வேண்டும், பெரியோர்களே?

அத்தோடு விட்டாரா ஐயா? எங்களைத் தேடிக் கம்பெனிக்கே வந்துவிட்டார்! ஒரு பெட்டி நிறைய இரும்புச் சாமான், அதைக் கொதிக்கவைக்க மண்ணெண்ணெய் ஸ்டவ், மடக்கு நாற்காலி, எல்லாம் ஒரு மாட்டுவண்டியில். கேட்டில் வாட்ச்மேன் சோலைமலை அண்ணன் அலறிவிட்டார்.

"ஐயா! பட்டாசுக் கம்பெனிக்கு இரும்பும் கொண்டாந்திருக்கீக, ஸ்டவ்வும் கொண்டாந்திருக்கீக! தீக்குச்சி ஒண்ணுதான் பாக்கி!"

"அதுவும் இருக்கு" என்று பையில் இருந்து தீப்பெட்டியை எடுத்துக் காட்டினாராம் ஐயா. சோலைமலை அண்ணன் அவரை ரோட்டுக்கு அந்தப் பக்கம், வண்டிப்பேட்டைக் கொட்டகைவரை விரட்டிக்கொண்டு போனார். அந்தக் கொட்டகைதான் நம் நாற்காலி இருக்கிற இடம். அதற்கப்புறம் ஸ்டவ் ஐயா வீட்டிலேயே இருக்கும், அங்கே கொதித்த சாமான் மூடின பெட்டியில் வரும். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் ரோட்டைக் கடந்து போவோம். முதலில் வெள்ளிக்கிழமை என்றார். "வெள்ளிக்கிழமை ரத்தம் பார்க்க மாட்டோம்" என்றோம். சரி, புதன்கிழமை என்று மாற்றிக்கொண்டார். எங்கள் நம்பிக்கையைக் கேலி செய்யாமல் எங்களுக்கு நல்லது செய்தவர் அவர்.

பித்தளையில் பொறி வராது என்று சொல்லி, எங்களுக்காகப் பித்தளைக் கத்தரி செய்து கொண்டுவந்தார். கொஞ்ச நாளில் முனை மழுங்கிவிட்டது. "டாக்டர், உங்க கத்தரி நூல அறுக்கல, மெல்லுது. அதுக்கும் பல்லு ஆடுது போல" என்றாள் ஒருத்தி. வண்டிப்பேட்டையே சிரித்தது. ஐயா தோல்வியை ஒத்துக்கொண்டு, "சரி தாயி, நீங்க கடிங்க. ஆனா ஆடியும் தையும் தவறாம என்கிட்ட வந்துருங்க" என்றார்.

இன்னொன்றையும் சொல்லாமல் இறங்க மாட்டேன். காட்டு வேலைக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த எங்களைப் போன்றவர்களும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்கள், நிலபுலம் உள்ள வீட்டார்களும் அதே நாற்காலிக்கு வந்தார்கள். ஒரு பெரிய வீட்டுக்காரர் கேட்டார்: "அவுக வாயில விட்ட இரும்ப எங்க வாயிலயும் விடுவீகளோ?" ஐயா பெட்டியைத் திறந்து காட்டி, "கொதிக்கிற தண்ணியில எல்லாத்தையும் போட்டுத்தான் எடுக்கேன். தண்ணி யார் வாயின்னு கேக்கல. நீங்க வரிசையில உட்காருங்க" என்றார். அவர் உட்கார்ந்தார். எனக்குப் பின்னால் உட்கார்ந்தார்! அந்த நாள் எனக்கு மறக்குமா?

பெரியோர்களே, தாய்மார்களே! இதுவரைக்கும் புகழ்ந்தேன். இனிமேல் கொஞ்சம் கோபித்துக்கொள்ளப் போகிறேன். உரிமையோடு சொல்கிறேன், கேளுங்கள்.

இது தை மாதம். நம் முறை. ஐயா கண்மூடிய பிறகு, அவரிடம் தொழில் பழகிய இளைய டாக்டர் கண்ணுச்சாமி, காரியாபட்டிக்காரர், விருதுநகரில் அறை போட்டுப் பல் பார்க்கிறவர், "புதன்கிழமை நான் வருகிறேன்" என்று வந்து உட்கார்ந்தார். பல் காட்ட வந்தவர் யார்? ஒருத்தரும் இல்லை. அடுத்த புதனும் வந்தார். ஒருத்தரும் இல்லை. வண்டிப்பேட்டையில் அந்தத் தம்பி, மூடின பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரம் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருந்தார்.

நம் பிள்ளைகளைக் கேட்டேன். என்ன சொன்னார்கள் தெரியுமா? "நம்ம டாக்டர் தொட்ட வாய் மதினி இது. அவர் போய்க் காரியம்கூட இப்பத்தான் முடிஞ்சிருக்கு. அதுக்குள்ள இன்னொருத்தர்கிட்டப் போய் வாயத் திறந்து காட்டுனா, அவருக்குச் செய்யிற மரியாதையா?"

எவ்வளவு பெரிய அன்பு! அந்த அன்பை நினைத்து நான் அழுதேன். ஆனால் கண்மணிகளே, இந்த அன்பு யாரைக் கொல்லும்? வேலுத்தாயின் ஈறில் மறுபடியும் ரத்தம் வந்தால், அது ஐயாவுக்கு மரியாதையா? நாற்காலி சும்மா கிடந்தால் இளைய டாக்டர் எத்தனை புதன் வருவார்? வலிக்கு மட்டும் வருகிற ஊர் என்றால் அவருக்கு விருதுநகர் அறையே போதுமே! நாற்காலியை எடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் நம் பிள்ளைகள் மறுபடியும் கன்னம் வீங்கின பிறகுதான் படி ஏறுவார்கள்.

முந்தாநாள் சுப்புலட்சுமி அம்மாவைப் பார்க்கப் போனேன். நாற்காலியைப் பற்றிச் சொன்னேன். அம்மா சொன்னார்கள்: "அக்கா, அவுக ஊருக்கெல்லாம் பல்லு பார்த்தாகளே, அவுக பல்ல யாரு பார்த்தா தெரியுமா? தன் வாயத் தானே பார்க்க முடியாதே. ஆடிக்கும் தைக்கும் பஸ் ஏறி விருதுநகர் போவாக. கண்ணுச்சாமி தம்பிகிட்டத்தான் வாயத் திறந்து உட்காருவாக. அந்தத் தம்பி கை நல்ல கைன்னு சொல்லுவாக."

கேட்டீர்களா? நம் பெத்தணன் ஐயா வாயைத் திறந்து காட்டிய கை அது! ஐயா நம்பின கையை நாம் நம்ப மாட்டோமா? அவர் உட்கார்ந்த மாதிரி உட்கார நமக்கென்ன வெட்கம்?

இன்றைக்கும் புதன்கிழமைதான். கூட்டம் என்பதால் கம்பெனி அரைநாள் விட்டது. நான் இங்கே வருவதற்கு முன்னால் வண்டிப்பேட்டைக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணுச்சாமி தம்பி பெட்டியைத் திறக்காமல் என் முகத்தையே பார்த்தார். "தம்பி, நான் ஏற்கெனவே அழுது முடிச்சுட்டேன். நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றேன். ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். குனிந்து, பொறுமையாக, முகம் சுளிக்காமல். முடித்துவிட்டுப் பெட்டியை மூடப்போனார்.

"தம்பி, ஒண்ணு கேக்க மறந்துட்டீகளே" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நானே சொல்லிக்கொடுத்தேன். அந்தத் தம்பி கேட்டார்: "நாக்கால தடவிப் பாருங்கம்மா. என்ன தெரியுது?"

நான் தடவிப் பார்த்தேன். பெருமக்களே, அதே வழவழப்பு. ஐயா விட்டுப்போன அதே வழவழப்பு. அந்தக் கேள்விக்குப் பதிலை இங்கே, உங்கள் எல்லார் முன்னாலும் சொல்கிறேன். நம் டாக்டர் போகவில்லை. அவருடைய வேலை என் வாயில் இருக்கிறது. இந்தப் பேச்சே அந்தப் பல்லால்தான் பேசுகிறேன்.

சுப்புலட்சுமி அம்மா! உங்கள் முன்னால் சத்தியம் செய்கிறேன். அந்த நாற்காலி இனி ஒரு புதன்கிழமையும் காலியாக இருக்காது. அடுத்த புதன் வேலுத்தாய் உட்காருவாள். அவளுக்குப் பின்னால் சங்கிலிமுத்து அண்ணன். அண்ணே, தலையை ஆட்டினால் போதாது, வர வேண்டும்! அவர்களுக்குப் பின்னால் இந்தப் பந்தலில் இருக்கிற எல்லாரும். வண்டிப்பேட்டை வாசலில் நான் நிற்பேன். வெளியே வருகிற ஒவ்வொருத்தரையும் நிறுத்திக் கேட்பேன், "நாக்கால தடவிப் பார்த்தீகளா? என்ன தெரியுது?" என்று.

என்ன தெரிந்தது என்று நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம். சுப்புலட்சுமி அம்மா வீட்டு வழியாகப் போகும்போது, அவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

எல்லாருக்கும் என் வணக்கம்.